ஸ்டாட்டிக் ரூட்: இரண்டு ரூட்டரிலும் எழுதினால்தான் வேலை செய்யும்

அலுவலகம் கிருஷ்ணகிரி டவுனில், மாங்கூழ் ஆலை காவேரிப்பட்டணம் பக்கம், நடுவே ஒரு ரேடியோ லிங்க். ஆலையின் எடைமேடை கம்ப்யூட்டர் போடும் பில், அலுவலகத்து சர்வரில் ஏற வேண்டும். இவ்வளவுக்கு, ரூட்டர்கள் தாங்களே பேசி வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் எல்லாம் தேவையில்லை. பக்கத்துக்கு ஒரு வரி ஸ்டாட்டிக் ரூட் போதும், அதாவது இந்த நெட்வொர்க்குக்கு இந்த வழி என்று நாமே ரூட்டரில் எழுதிவைப்பது.

முதலில் முகவரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக லேன் (உள் நெட்வொர்க்) 192.168.10.0/24, ஆலை லேன் 192.168.20.0/24. நடு லிங்குக்கு 10.10.10.0/29: அலுவலக ரூட்டருக்கு .1, ஆலை ரூட்டருக்கு .2, இரண்டு ரேடியோவுக்கும் .3, .4. லீஸ்டு லைன் என்றால் /30 போதும், இரண்டு முகவரி கிடைக்கும். ரேடியோ என்றால் அதற்குள் நுழைந்து சிக்னல் பார்க்கவும் முகவரி வேண்டும், அதற்குத்தான் ஆறு முகவரி தரும் /29. இரண்டு இடத்திலும் 192.168.1.0 ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்து முகவரியும் தன் லேனில்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பாக்கெட் ரூட்டரிடமே வராது.

அலுவலக ரூட்டரிலிருந்து 10.10.10.2-ஐ பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். பதில் வராவிட்டால் கேபிளையும் ரேடியோவையும் சரிபார்த்துவிட்டு வாருங்கள். ரூட்டைத் தொட வேண்டாம்.

சிஸ்கோ ரூட்டர் என்றால் அமைப்பை மாற்றும் கான்ஃபிக் மோடுக்குப் போய், அலுவலக ரூட்டரில் அடிக்க வேண்டியது (ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்):

ஐபி ரூட் 192.168.20.0 255.255.255.0 10.10.10.2

ஆலை ரூட்டரில்:

ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 10.10.10.1

மைக்ரோடிக் ரூட்டர் என்றால் அதன் வின்பாக்ஸ் புரோகிராமில் ஐபி, ரூட்ஸ் போய் பிளஸ் அழுத்தி, சேர வேண்டிய நெட்வொர்க்கையும் கேட்வேயையும் (எதிர் ரூட்டரின் முகவரி) நிரப்பினால் முடிந்தது. கேட்வே இடத்தில் இன்டர்ஃபேஸ் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். ஈதர்நெட்டில் அப்படிக் கொடுத்தால், எதிர்ப்பக்கத்து ஒவ்வொரு முகவரிக்கும் ரூட்டர் ஏஆர்பி (இந்த ஐபி முகவரி யாருடையது என்ற கேள்வி) கேட்டுக்கொண்டிருக்கும். எதிர் ரூட்டரில் பிராக்ஸி ஏஆர்பி (மற்ற கருவிகள் சார்பில் அதற்குப் பதில் சொல்வது) இல்லையென்றால் ஒன்றும் நகராது.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இரண்டாவது வரியை மறந்துதான். அலுவலக ரூட்டரில் மட்டும் ரூட் போட்டுவிட்டு, அங்கிருந்தே ஆலை பிரிண்டர் 192.168.20.50-ஐ பிங் செய்கிறார்கள். பதில் வருகிறது, வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த பிங் 10.10.10.1 என்ற முகவரியிலிருந்து போகிறது. அது ஆலை ரூட்டருக்கு நேரடியாகத் தெரிந்த நெட்வொர்க், அதனால் பதில் திரும்பிவிடுகிறது. அலுவலகக் கம்ப்யூட்டர் 192.168.10.25-இலிருந்து அதே பிங் போனால், பாக்கெட் பிரிண்டரை அடையும். பதில் ஆலை ரூட்டருக்கு வந்ததும் 192.168.10.0-க்கு வழி தெரியாமல் கைவிடப்படும், அல்லது டீஃபால்ட் ரூட் (வழி தெரியாத முகவரிக்கெல்லாம் உள்ள பொது வழி) பிடித்து இன்டர்நெட் பக்கம் போய்விடும். அதனால் ரூட்டரில் பிங் செய்யும்போது சோர்ஸாக லேன் பக்கத்து முகவரியைக் கொடுங்கள்: பிங் 192.168.20.50 சோர்ஸ் 192.168.10.1.

இரண்டு வரியும் சரியாக இருந்தும் ஒரே ஒரு கருவி மட்டும் பதில் தரவில்லையா? அதன் டீஃபால்ட் கேட்வேயை, அதாவது வேறு நெட்வொர்க்குக்குப் போக அது நாடும் ரூட்டர் முகவரியைப் பாருங்கள். கேமரா பதிவுப் பெட்டியான என்விஆரில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவோ 192.168.1.1 என்றோ கிடக்கும். விண்டோஸ் ஃபயர்வாலும் வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை வழக்கமாகத் தடுத்துவிடும். ஆகவே சோதனைக்குப் பிரிண்டரே நல்லது.

மைக்ரோடிக்கில் மாஸ்க்கரேட் விதிக்கு (வெளியே போகும் பாக்கெட்டுக்கு ரூட்டரின் முகவரியைப் போடுவது) இன்டர்நெட் இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஆலைக்குப் போகும் பாக்கெட்டின் முகவரியும் ரூட்டர் முகவரியாக மாறிவிடும். எந்தக் கம்ப்யூட்டர் பேசியது என்பதே தெரியாது.

மாம்பழ சீசனில் லிங்க் விழுந்தால் எடைமேடையில் லாரி வரிசை நிற்கும். ஆகவே மாற்றுப் பாதை போடுவது நல்லது: அதே ரூட்டை இன்டர்நெட் விபிஎன் வழியாக இன்னொரு முறை எழுதி, டிஸ்டன்ஸ் (குறைந்த எண்ணுள்ள ரூட்டுக்கே முன்னுரிமை) 200 கொடுங்கள். முதல் ரூட்டின் டிஸ்டன்ஸ் 1 என்பதால் அது இருக்கும்வரை இரண்டாவது ஒதுங்கி நிற்கும். இதையும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஆனால் ரேடியோ லிங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. காற்றுவழி அறுந்தாலும் ரூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே உள்ள கேபிள் உயிரோடுதான் இருக்கும், முதல் ரூட் விலகாது. மைக்ரோடிக்கில் செக் கேட்வே என்ற இடத்தில் பிங் தேர்ந்தெடுங்கள். 10 நொடிக்கு ஒருமுறை பார்த்து, இரண்டு முறை பதில் இல்லையென்றால் ரூட்டை விலக்கும். சிஸ்கோவில் இதற்கு ஐபி எஸ்எல்ஏவும் (பிங் போட்டுப் பார்ப்பது) டிராக்கும் (அதன் முடிவைப் பார்த்து ரூட்டை விலக்குவது) வேண்டும்.

கிளம்பும் முன் சிஸ்கோவில் ரைட் மெமரி அடியுங்கள். அடிக்காமல் போனால், அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் நீங்கள் எழுதிய ரூட் இருக்காது. மைக்ரோடிக் தானே சேமித்துக்கொள்ளும்.