சைக்கிளைப் பிடித்து இழுப்பது எது? இரண்டு அளவுகளில் கண்டுபிடிக்கும் முறை

சில நாட்களாக என் சைக்கிள் கனமாக ஓடியது. டயரில் காற்று சரியாக இருந்தது, செயினுக்கு எண்ணெயும் விட்டாயிற்று. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் தாராளமாகச் சுற்றியது. மிதித்தால் மட்டும் வேகம் வரவில்லை. கடைசியில், மிதிப்பதை நிறுத்திவிட்டு அது எப்படி உருண்டு ஓய்கிறது என்று அளந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

சமதளத்தில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது நீங்கள் கொடுக்கும் உந்துவிசையும் எதிர்க்கும் தடையும் சமம். மிதிப்பதை விட்டதும் தடை மட்டும் மிஞ்சுகிறது. வேகம் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ, தடை அவ்வளவு பெரியது.

காற்றில்லாத அதிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலைக்குப் போங்கள். சக்கரத்தில் காந்தம் பொருத்தும் வகை ஸ்பீடோமீட்டர் வேண்டும். செல்போனில் வரும் ஜிபிஎஸ் வேகம் தாமதமாகக் காட்டும், இதற்கு உதவாது. 25 கி.மீ. வேகம் வந்ததும் மிதிப்பதை விடுங்கள். உட்கார்ந்திருக்கும் நிலையைக் கடைசிவரை மாற்றாதீர்கள். செல்போனை ஹேண்டிலில் கட்டி, ஸ்பீடோமீட்டர் திரையை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்துவதைவிட இது பாதுகாப்பு, துல்லியமும் கூட.

வீடியோவிலிருந்து இரண்டு நேரங்கள் போதும்: 21-லிருந்து 19 கி.மீ. வேகத்துக்கு இறங்க எத்தனை நொடி, 11-லிருந்து 9-க்கு எத்தனை நொடி. சைக்கிளையும் சேர்த்து உங்கள் எடையை (கிலோவில்) 1.8-ஆல் வகுத்து, வந்ததை நொடியால் வகுத்தால் தடை விசை நியூட்டனில் கிடைக்கும்.

நானும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. கோளாறு சரியான பிறகு எனக்கு வந்த கணக்கு (21-க்கும் 19-க்கும் நடு 20, 11-க்கும் 9-க்கும் நடு 10): 20 கி.மீ. வேகத்தில் 3.5 நொடி, அதாவது 14.3 நியூட்டன், 10 கி.மீ. வேகத்தில் 7 நொடி, 7.1 நியூட்டன்.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இனிமேல்தான். டயரின் உருள் தடை வேகம் கூடினாலும் ஏறக்குறைய மாறாது. காற்றுத் தடையோ வேகத்தின் இருமடிப்படி ஏறும். 10-ல் ஒரு பங்கு என்றால் 20-ல் நான்கு பங்கு. ஆகவே இரண்டு விசைகளின் வித்தியாசமான 7.2 நியூட்டன் முழுக்கக் காற்றின் மூன்று பங்கு. ஒரு பங்கு 2.4. அதை 7.1-லிருந்து கழித்தால் 4.7 நியூட்டன், அதுதான் உருள் தடை. கலந்து கிடந்த இரண்டையும் ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன!

கோளாறு இருந்தபோது 10 கி.மீ. வேகத்தில் நேரம் 4.4 நொடியாகக் குறைந்திருந்தது. காற்றின் பங்கு அதேதான். மாறாத பகுதி மட்டும் 9 நியூட்டன். எங்கோ ஏதோ உரசுகிறது என்று அர்த்தம். பின் சக்கர அச்சின் நட்டு தளர்ந்திருந்தது. நான் ஏறி உட்கார்ந்தால் மட்டும் சக்கரம் லேசாகச் சாய்ந்து பிரேக் கட்டையைத் தொட்டது. தூக்கிச் சுற்றும்போது இது தெரிய வழியே இல்லை.

ஒரு எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத சரிவும் கணக்கைக் கெடுக்கும்: 1000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவே என் எடைக்குக் கிட்டத்தட்ட 0.9 நியூட்டன். அதனால் ஒரே இடத்தில் போகவும் வரவும் ஐந்து முறையாவது அளந்து, இரு திசைக்கும் சராசரி எடுங்கள். நேரங்களை அல்ல, விசைகளைச் சராசரி எடுக்க வேண்டும். காற்று வீசினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். இரு திசைச் சராசரியும் அதைச் சரிக்கட்டாது.

பங்கு தெரிந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியும். என் கணக்கில் 20 கி.மீ. வேகத்துக்கு 79 வாட் போதும், 30-க்கு 219 வாட் வேண்டும். அந்த வேகத்தில் விலை உயர்ந்த டயரைவிட முதுகைக் குனிவதுதான் அதிகம் உதவும். மெதுவாகப் போகிறவர் முதலில் டயர் காற்றைப் பார்க்கட்டும்.

துடுப்புப் படகிலும் துடுப்பை நிறுத்தி நேரம் பார்க்கலாம். ஆனால் படகோடு கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து நகர்வதால் மேலே சொன்ன சூத்திரம் அப்படியே பொருந்தாது. நேரங்களை மட்டும் ஒப்பிடுங்கள். தண்ணீரில் அலை என்ற மூன்றாவது தடையும் உண்டு. 1870-களில் வில்லியம் ஃபிரவுட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறிய கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து, உராய்வுத் தடையையும் அலைத் தடையையும் தனித்தனியாகக் கணக்கிட்டார். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்குங்கள்: 4 மீட்டர் படகுக்கு மணிக்கு 9 கி.மீ. சாதாரணப் படகு அந்த வேகத்தை நெருங்கும்போது, அது எழுப்பும் அலை அதன் நீளத்துக்கே நீண்டுவிடும். முன்பக்கம் ஒரு முகடு, பின்பக்கம் ஒரு முகடு. அதற்கு மேல் எவ்வளவு வலித்தாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும். பின்முனையில் தண்ணீர் எழும்புவதைப் பார்த்ததும் வலிப்பதைச் சற்றுத் தளர்த்துங்கள்.