கலாஃபினாவின் மூன்று குரல்களை நடுநிலையோடு மதிப்பிடும் முறை

மூன்று பாடகியரைக் கொண்ட ஜப்பானிய இசைக்குழுவான கலாஃபினாவை விரும்புவோரிடையே நெடுநாளாக நடந்துவரும் வாதம் ஒன்று உண்டு. அவர்களுடைய ஹார்மனிக்கு, அதாவது வெவ்வேறு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் பாடி இணைக்கும் ஒத்திசைவுக்கு, ஜப்பானிய இசையில் ஈடு இல்லை என்பார் ஒருவர். மேடையில் சுருதி விலகுவதை ரசிகர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள் என்பார் மற்றொருவர். பெரும்பாலும் இருவருமே எந்தப் பதிவில், எந்த நொடியில், யாருடைய குரலைப் பற்றிப் பேசுகிறோம் என்று குறிப்பிடுவதில்லை. நடுநிலை என்பதற்காகக் குழுவின் மீதுள்ள அன்பைக் கைவிட வேண்டியதில்லை. நாம் சொல்வதை எதிர்த்தரப்பில் இருப்பவரும் அதே பதிவை ஒலிக்கவிட்டுச் சரிபார்க்க முடியுமானால், அந்த அளவு நடுநிலை போதும்.

முதலில், பாராட்டும் குறையும் யாரைச் சேர வேண்டும் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். 2007-இல் ஓர் அனிமே திரைப்பட வரிசையின் பாடல்களுக்காக இந்தக் குழுவை உருவாக்கிய கஜியுரா யூகிதான் அதன் பாடல்களை எழுதி இசையமைத்தவர். எனவே இரண்டு குரல்களுக்கு நடுவே எதிர்பாராத ஒரு ஸ்வர இடைவெளி அழகாக அமைந்திருந்தால் அந்தப் பெருமை அவருடைய எழுத்துக்கு உரியது; அந்த இடைவெளியில் பிசகாமல் போய் நிற்பது பாடகியரின் திறமை; குரல் தடிமனாகவும் அகலமாகவும் கேட்பதில் ஒலிப்பதிவுக் கூடத்தின் பங்கு பெரிது. இவற்றில் எது எது என்று தெளிவில்லாவிட்டால், கஜியுராவின் மற்றொரு முயற்சியான ஃபிக்‌ஷன்ஜங்ஷனின் பாடல்களையும் கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது பெரும்பாலும் எழுத்தின் குணம்.

எந்த ஆண்டின் குழு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008 ஜனவரியில் வெளிவந்த முதல் சிங்கிளான 'அப்ளிவியஸ்' பாடலில் இருப்பவர்கள் வாகனா, கெய்கோ என்ற இருவர் மட்டுமே. மூன்றாவது குரலான ஹிகாரு அதற்குப் பிறகு வந்து சேர்ந்தார். அந்தப் பதிவைக் காட்டி மூவரின் ஒத்திசைவைப் புகழ்பவரும் சரி, பிற்கால மேடை வடிவத்தை அதனோடு ஒப்பிட்டுக் குறை சொல்பவரும் சரி, இரண்டு வெவ்வேறு குரலமைப்புகளை ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இனி கேட்கும் முறைக்கு வருவோம். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுவே. ஒரு பாடலின் கோரஸ் பகுதியிலிருந்து இருபது நொடிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் காது இயல்பாகவே உச்சத்தில் இருக்கும் குரலின் பின்னால் போய்விடும் என்பதால், முதலில் கெய்கோவின் தாழ்ந்த குரலைப் பிடித்து, அதை மட்டும் நீங்களும் முணுமுணுக்கும் வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். அடுத்து வாகனாவின் உயர்ந்த குரலைப் பின்தொடருங்கள். இரண்டும் மனத்தில் பதிந்த பிறகே, பல இடங்களில் இடைப்பட்ட ஸ்வரத்தில் நிற்கும் ஹிகாருவின் குரலைத் தேடுங்கள். அந்த நடுக்குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. கேட்ட பிறகு, அதுவரை வாகனாவின் பெருமையாக நான் எண்ணியிருந்த பல இடங்களின் நிறம் உண்மையில் அந்த நடுக்குரலால் வந்தது என்று புரிந்தது. மெலடியும் ஒரே குரலில் தங்குவதில்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மூன்று குரல்களையும் ஸ்வரங்களாகத் தாளில் எழுதி வைத்தால் இது கண்ணுக்கே தெரியும். கஜியுரா தாமே உருவாக்கிய, பொருளற்ற சொற்களால் ஆன கோரஸ் பகுதிகளில் இந்தப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. அங்கே பாடல் வரியின் பொருள் நம் கவனத்தை இழுக்காது. மூவரின் உயிரெழுத்துகளும் ஒரே வடிவில் ஒலிக்கின்றனவா, சொல்லின் முடிவில் மூவரும் ஒன்றாக நிறுத்துகிறார்களா என்பதை நிதானமாகக் கவனிக்கலாம்.

சுருதி விலகுகிறது என்று சொல்வதற்குச் சற்றுக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கைபேசியில் சுருதி பார்க்கும் ட்யூனர் செயலி பொதுவாகப் பியானோவின் சம இடைவெளிகளை வைத்தே அளக்கிறது. அதன் கணக்கில் சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்ட் தொலைவில் இருக்கிறது (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தொலைவு 100 சென்ட்). ஆனால் இரண்டு குரல்கள் அதிர்வின்றி ஒன்றோடொன்று கலக்கும் காந்தாரம் ஏறக்குறைய 386 சென்டில் இருக்கிறது. தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழுந்து நம் காதில் விழுகிறதே, அதே காந்தாரம்தான் அது. வாத்தியங்கள் இல்லாமல் பாடும்போது நல்ல பாடகியர் அந்த இடத்தை நோக்கிச் சாய்வது இயல்பு, செயலியோ அதைப் பிழை என்று காட்டும். பியானோ உடன் ஒலிக்கும் இடத்தில் மட்டும் அந்தச் சாய்வு உரசலாகக் கேட்கக்கூடும். ஆகவே செயலி காட்டும் முள்ளை மட்டும் சான்றாக வைக்காமல், அந்த இடத்தில் துணை வாத்தியம் எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேடைப் பதிவை ஸ்டுடியோப் பதிவோடு ஒப்பிடுபவர்கள் குரல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று பேரால் ஒரு கணத்தில் மூன்று ஸ்வரங்களைத்தான் பாட முடியும். நான்காவது குரல் ஒன்று கேட்டால், அது முன்பே பதிவு செய்யப்பட்டதாகவோ வேறொருவர் பாடியதாகவோ இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் ஒருவரே பல அடுக்குகளைப் பாடி இணைக்க முடியும் என்பதால், அந்தச் செழுமை மேடையில் குறைவதைப் பாடகியரின் தோல்வியாகக் கணக்கிடுவது நியாயமல்ல. இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் சமப்படுத்திக்கொள்ளுங்கள். சற்று உரக்க ஒலிப்பதை மேலானது என்று மனம் எண்ணிக்கொள்ளும். நண்பர் ஒருவரை எந்தப் பதிவு என்று சொல்லாமல் ஒலிக்கவிடச் செய்து, உங்கள் கருத்தை எழுதி முடித்த பிறகு விடையைக் கேட்பது இன்னும் நல்லது.

வாதத்தில் இறங்கும்போது ரசனையையும் கவனிப்பையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள். கெய்கோவின் அடர்ந்த குரல் எனக்குப் பிடிக்கும் என்பது ரசனை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. இந்தச் சொல்லின் முடிவில் நடுக்குரல் மற்ற இருவரைவிடத் தாமதமாக நிற்கிறது என்பது கவனிப்பு. அதை மறுப்பவரும் ஏற்பவரும் அதே இடத்தைக் கேட்டாக வேண்டும். எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் நொடிக் கணக்கோடு குறை ஒன்றைச் சுட்டினால், பதில் எழுதுவதற்கு முன் அந்த இடத்தை மூன்று முறை கேளுங்கள். மூன்றாம் முறை, நீங்கள் வழக்கமாகப் பின்தொடராத குரலைப் பின்தொடருங்கள்.