இருளர் பழங்குடி மக்களோடு ஆய்வு செய்யச் சென்னைக்கு வருபவர்களுக்கு

முனைவர் பட்ட நிதி கிடைத்து, மலேசியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்து இறங்கியிருக்கிறீர்கள். வாங்க. நானும் அப்படி வந்தவள்தான். இது மூன்றாம் ஆண்டு.

முதலில் விசா. சுற்றுலா விசாவில் களப்பணி செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ஆய்வு விசா வேண்டும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், 2021ஆம் ஆண்டு அறிவிப்பின்படி ஆய்வுக்குத் தனி அனுமதி பெற வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழியே பதியுங்கள். அதற்கு முகவரிச் சான்று கேட்பார்கள். ஆகவே வாடகை ஒப்பந்தம்தான் முதல் வேலை.

வீட்டைத் தாம்பரம் பக்கம் பாருங்கள். ஒரு பக்கம் செங்கல்பட்டுக்கு, இன்னொரு பக்கம் நகரத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக மானிடவியல் துறை, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் எல்லாமே போய்வரும் தூரம்தான். அட்வான்ஸாகச் சில மாத வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள். நிதியின் முதல் தவணை வருவதற்குள் அதைக் கட்ட வேண்டியிருக்கும், கையில் பணம் வைத்திருங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அதன் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். நம் மானிடவியல் துறை இந்த ஊரில் அப்படித்தான் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டு களத்துக்குப் போவது நல்லது.

களம் என்றதும் காட்டை நினைக்காதீர்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் பல இருளர் குடியிருப்புகள் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் இருக்கின்றன. நீலகிரி இருளருக்குத் தனி மொழி உண்டு. இங்கே பேசுவது பெரும்பாலும் தமிழ். இதில்தான் நான் சறுக்கினேன். மொழி ஒன்றுதானே என்று படிவமும் நோட்டுமாகப் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு அம்மா பழைய மனு ஒன்றை எடுத்து வந்து, "மேடம், பிள்ளைக்குச் சாதிச் சான்று எப்போ வரும்?" என்று கேட்டார். அவர் கண்ணுக்கு நான் அதிகாரி. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் கையில் இருக்கிறது. அது இல்லாமல் பிள்ளையின் மேற்படிப்பு நின்றுபோகும். அந்த நம்பிக்கையை என் நோட்டு கிளப்பிவிட்டது.

அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நான் அரசு ஆள் இல்லை, சான்றோ பட்டாவோ என்னால் வாங்கித் தர முடியாது, இந்தப் படிப்புக்கு எனக்குப் பணம் தருகிறார்கள், பேச விருப்பமில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். ஒப்புதலை ஒருமுறை கேட்டால் போதாது, ஒவ்வொரு முறையும் கேளுங்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாக இருந்து மீண்டவர்கள் இவர்களில் உண்டு. அவர்களிடம் காகிதத்தில் கைநாட்டு வைக்கச் சொல்வதைவிட வாய்மொழி ஒப்புதலே மரியாதை.

அப்புறம் பணம். மானிடவியல் ஆய்வுக்கு நிதி தரும் வென்னர்-கிரென் போன்ற அறக்கட்டளைகள் களப்பணிச் செலவுக்குத் தருவார்கள், கல்விக் கட்டணத்துக்கு இல்லை. விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேருங்கள்: உங்களோடு அரைநாள் உட்காருபவர் இழக்கும் கூலி. நான் சேர்க்கவில்லை, பிறகு என் சாப்பாட்டுச் செலவில் குறைத்துக் கொடுத்தேன்.

பாம்புதான் உங்கள் தலைப்பு என்றால், வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்ட பிறகு, அதே திறமையை விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுக்கும் தொழிலாக மாற்றியவர்கள் அவர்கள். அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணமும் அங்கே நடக்கும். முதல் வருடம் ரெக்கார்டர் வேண்டாம். தெரிந்த குடும்பம் கூப்பிட்டால் முந்தைய நாள் மாலையே அவர்களோடு கிளம்பிவிடுங்கள், பூசை விடியற்காலையில்.