கிங் கிரிம்சனை எந்த வழியில் கேட்பது?

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த றொக் இரசிகர்கள் சிலர், கிங் கிரிம்சனின் இசைத்தட்டுகளை முதலாவதிலிருந்து வரிசையாகக் கேட்க முனைந்து, நான்காவதோடு களைத்துவிட்டார்கள். 1968 இன் இறுதியில் லண்டனில் உருவாகி, 2021 டிசெம்பரில் தோக்கியோவில் கடைசிக் கச்சேரியை நடத்திய இக்குழுவில், தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தவர் கிற்றார் கலைஞர் றொபேட் பிறிப் ஒருவரே. ஆகையால், ஒரே பெயரைச் சூடிய பல குழுக்கள் என்று கொண்டு கேட்பதே நல்லது.

முதலில் ஒரு தாளில் ஆண்டுகளையும் வாத்தியங்களையும் கட்டம் போட்டு, வந்தவர் போனவர் பெயர்களை நிரப்புங்கள். 1969 ஒக்டோபரில் முதல் இசைத்தட்டு வெளிவந்து இரண்டே மாதங்களில் சாக்ஸபோன் ஊதிய இயன் மக்டொனால்டும் டிரம்ஸ் வாசித்த மைக்கல் கைல்சும் விலகினர். அடுத்த ஆண்டு பாடகர் கிரெக் லேக்கும் போய்விட்டார். 1970, 1971 ஆகிய ஆண்டுகளின் கட்டங்கள் குழம்பிக் கிடக்கும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்து, டிரம்ஸ் வாசிப்பவரைப் பின்தொடருங்கள். மிருதங்கக்காரர் மாறினால் கச்சேரியின் நடையே மாறிவிடும் என்பதை நாம் அறிவோம். 1972 இல் யெஸ் குழுவை விட்டு வந்த பில் புருபோர்ட், 1973 இன் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்', 1974 இன் 'ரெட்', 1981 இன் 'டிசிப்ளின்' ஆகிய மூன்று இசைத்தட்டுகளிலும் இருக்கிறார். பிறிப்பைத் தவிர மூன்றுக்கும் பொதுவானவர் வேறெவரும் இல்லை. ஆயினும், 'ரெட்' இல் இருண்டு கனத்து ஒலிக்கும் இசை, கிற்றார் கலைஞர் அட்ரியன் பெலூவும் பேஸ் கலைஞர் டோனி லெவினும் சேர்ந்த 'டிசிப்ளின்' இல், வெவ்வேறு தாளக் கணக்கில் ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இரு கிற்றார்களின் நெசவாக மாறிவிடுகிறது. சிம்பல்களைத் தவிர்க்கும்படி பிறிப் கேட்டுக்கொண்டதால், புருபோர்டின் கையும் அங்கே வேறாகவே ஒலிக்கும்.

'டிசிப்ளின்' ஐக் கரையோர ரயிலிலும் கேட்கலாம். 'லார்க்ஸ் டங்ஸ்' மிக மெல்லிய ஒலியில் தொடங்குவதால், காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் அமர்ந்து அதனைக் கேட்க முயல்வது வீண். இரவில் வீட்டில் கேளுங்கள்.

பின்னர், முதல் இசைத்தட்டின் முதற்பாடலை, 2014 இற்குப் பிந்திய கச்சேரிப் பதிவொன்றோடு ஒப்பிடுங்கள். அதில் டிரம்ஸ் வாசிப்பவர்கள் மூவர். சாக்ஸபோன் ஊதுபவர் மெல் கொலின்ஸ். 1972 இல் பிரிந்துபோன அவர் முன்னர் எங்கே இருந்தார் என்று தாளில் தேடினால், விட்டுவந்த அந்த இரண்டு ஆண்டுகளில்தான் விரல் போய் நிற்கும். அவ்வாண்டுகளின் இசைத்தட்டுகளான 'லிசர்ட்', 'ஐலண்ட்ஸ்' ஆகியவற்றை அப்போது எடுங்கள்.