சென்னையை விட்டுக் கிளம்பிக் கோழி வளர்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கே மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம், வடக்கே ஊத்துக்கோட்டை என்று சென்னைக்காரர்கள் நிலம் வாங்கிக் குடிபோகும் பக்கங்களில் கோழிப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எந்த ரகம் வாங்கலாம்?" வனராஜாவா, கருங்கோழியா, சிறுவிடையா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தக் கோழி ராத்திரி எங்கே அடையும், முதல் மூன்று வாரம் குஞ்சுக்குச் சூடு எங்கிருந்து கிடைக்கும், கார்த்திகை மழையில் கொட்டகைத் தரை எந்த நிலையில் இருக்கும் என்று கேட்பவர் குறைவு. கோழி சாவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். ரகத்தைக் கடைசியாக முடிவு செய்தாலும் நஷ்டமில்லை.

முட்டைக் கணக்கை மட்டும் பார்த்து ரகம் எடுப்பது

வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை. இரண்டும் கலப்பினம். நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டையிடும் என்பது உண்மை. ஆனால் அந்த முட்டையைப் பொரித்தால் வரும் குஞ்சு தாயைப் போல இருக்காது. தலைமுறைக்குத் தலைமுறை முட்டையும் எடையும் இறங்கும். அடைக்கு உட்காருவதும் அரிது. "ஒரு தடவை வாங்கிவிட்டால் அப்புறம் தானாகப் பெருகும்" என்று நினைத்து வனராஜா வாங்கியவர் இரண்டாம் வருடம் மறுபடி குஞ்சுக்கு அலைய வேண்டியிருக்கும். வனராஜாவுக்கு உடம்பும் கனம். நாய் துரத்தினால் பறந்து கிளையில் ஏறாது. வேலி சரியாக இல்லாத இடத்துக்கு அது ஏற்றதல்ல.

தானாகப் பெருக வேண்டும் என்றால் சிறுவிடை எனும் சின்ன உடம்பு நாட்டுக்கோழிதான். முட்டை குறைவு, ஓர் ஈட்டுக்கு (தொடர்ந்து இடும் ஒரு சுற்றுக்கு) 10 முதல் 15, வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு. ஆனால் அடை காக்கும், குஞ்சை நடத்தும், பருந்தைக் கண்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். இதையும் கணக்குப் போட்டே வாங்க வேண்டும். பத்துப் பெட்டைகள் ஆளுக்கு 50 முட்டை இட்டால் வருடத்துக்கு 500. நாளுக்கு ஒன்றரைகூட இல்லை. அதில் பாதியை அடைக்கு வைத்தால் சாப்பிட மிஞ்சுவது இன்னும் குறைவு. வீட்டுக்குத் தினமும் இரண்டு மூன்று முட்டை வேண்டும் என்பவர் கிராமப்பிரியாவில் ஐந்தாறும், அடைக்கென்று சிறுவிடையில் இரண்டு மூன்றும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. அடைக்கு வைக்கும் முட்டையைச் சிறுவிடையிலிருந்தே எடுக்க வேண்டும். அதற்குச் சேவலும் சிறுவிடையாக இருக்க வேண்டும்.

அசில், பெருவிடை எனும் பெரிய உடம்பு நாட்டு ரகங்கள் இரண்டும் பார்க்கக் கம்பீரம். வளர்ந்த இரண்டு சேவல்களை ஒரே கொட்டகையில் விட்டால் ஒன்றுதான் உயிரோடு மிஞ்சும். முட்டையும் மிகக் குறைவு. கடக்நாத் எனும் கருங்கோழி மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கோழி. அங்கே அதற்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோலும் கறியும் எலும்பும் கறுப்பு. முட்டை கறுப்பு அல்ல, வெளிர் பழுப்பு. "கறுப்பு முட்டை" என்று யாராவது காட்டினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம். "குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்ந்த கோழியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், மாதாமாதம் பணம்" என்று முன்பணம் கேட்கும் ஒப்பந்தம் எந்த ரகத்தின் பெயரில் வந்தாலும் வேண்டாம். ஈமு கோழியில் 2012இல் கொங்கு நாட்டில் எத்தனை குடும்பம் சேமிப்பை இழந்தது என்பது ஊரறிந்தது.

இன்னொன்று: தெருவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் ஒதுக்கித் தள்ளும் சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறியும் பிடிக்காது. குழந்தை கேட்கிறது என்று வாங்கினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் சாவதைத்தான் குழந்தை பார்க்கும். குஞ்சு வேண்டுமென்றால் மாதவரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சியும் நடக்கிறது. குஞ்சு வாங்கும் முன் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து கேட்டால் நிறையச் செலவு மிச்சம்.

எல்இடி பல்பில் குஞ்சு வளர்ப்பது

இப்போது மிகச் சாதாரணமாகிவிட்ட தவறு இது. "பல்பு போட்டேன், ஆனாலும் குஞ்சு செத்துப்போச்சு" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒன்பது வாட்ஸ் எல்இடி பல்பு எரிந்துகொண்டிருக்கும். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. குஞ்சுக்கு வேண்டியது பழைய குண்டு பல்பு. ஒரு குஞ்சுக்கு 2 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டால் 50 குஞ்சுக்கு ஒரு 100 வாட்ஸ் பல்பு, அல்லது இரண்டு 60 வாட்ஸ். ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும் என்பதால் இரண்டு பல்பு போடுவதே பாதுகாப்பு.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சிட்டால் குளிர், பல்பை இறக்குங்கள். சுற்றி வைத்த தகட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்று அர்த்தம். வட்டம் முழுக்கச் சிதறித் தின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தால் சரியாக இருக்கிறது. சித்திரை வைகாசியில் சென்னைப் பக்கம் பகலில் பல்பே தேவைப்படாது. மார்கழியில் மூன்று வாரமும் ராத்திரி முழுக்க வேண்டும்.

சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்குத் தகடு அல்லது அட்டை வட்டமாக வையுங்கள். சதுரப் பெட்டி வேண்டாம், மூலையில் குவிந்து நசுங்கிச் சாகும். தரையில் இரண்டு அங்குலம் உமி, அதன்மேல் முதல் மூன்று நாள் செய்தித்தாள். இல்லையென்றால் உமியைத் தீனி என்று தின்னும். தாளை தினமும் மாற்ற வேண்டும். வழுவழுப்பான பளபளப்புத் தாள் போட்டால் கால் அகட்டி விழுந்து முடமாகும்.

தீனியிலும் ஒரு தவறு நடக்கிறது. முட்டைக்கோழித் தீவனம் வீட்டில் இருக்கிறது என்று அதையே குஞ்சுக்கும் போடுவார்கள். அதில் ஓடு கெட்டிப்பட 3.5 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். முட்டையிடாத குஞ்சுக்கு அவ்வளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எட்டு வாரம் வரை 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம்தான். நொய்யும் தவிடும் மட்டும் போட்டு வளர்த்தால் சிறகு சரியாக முளைக்காது. கரையான் பிடித்துப் போடத் தெரிந்தால் அதைவிட நல்ல புரதம் இல்லை: பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் ஒரு கை நிறைய இருக்கும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்துவிட்டால் மருந்து கிடையாது. அது வைரஸ். ஆன்டிபயாடிக் பொட்டலத்தைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பதால் கழிச்சல் நிற்காது. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது கோழிக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. பச்சையும் வெள்ளையுமாக எச்சம், தொங்கும் இறக்கை, திருகிக்கொள்ளும் கழுத்து என்று ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் கொட்டகை காலி.

அட்டவணை எளிது. 5 முதல் 7 நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு எஃப்1 அல்லது லசோட்டா, இரண்டும் வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து. 14ஆம் நாள் கம்போரோ எனும் இன்னொரு வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து. 28ஆம் நாள் மறுபடி லசோட்டா. ஆறாம் வாரம் அம்மைத் தடுப்பூசி, இறக்கை மடிப்பில். எட்டாம் வாரம் வெள்ளைக் கழிச்சலுக்கு ஆர்2பி ஊசி, அரை மில்லி, தோலுக்கடியில். அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம். அரசு கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பு மருந்து வீணாவது வழியில்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பைக்கில் போனால் குப்பிக்குள் இருப்பது வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள், விடியற்காலையில் போட்டு முடித்துவிடுங்கள். குடிநீரில் கலந்து கொடுக்கும் மருந்தென்றால் மெட்ரோ வாட்டர் வேண்டாம். குளோரின் அதைக் கொன்றுவிடும். கிணற்று நீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் சேர்த்துக் கலக்குங்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடத்தில் வளர்ந்த கோழி வாங்கினால், அதை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடக் கூடாது. மூன்று வாரம் தனியாக, தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் தனியாக. வாங்கும்போது வாலைத் தூக்கிப் பாருங்கள். எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வேண்டாம். மார்பெலும்பைத் தடவினால் கத்தி முனைபோல இருந்தால் வேண்டாம். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது சிற்றுண்ணி.

நிலத்தைச் சித்திரையில் மட்டும் பார்ப்பது

வெயில் காலத்தில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிக்குக் கீழே உள்ள நிலம் ஐப்பசியில் வேறு நிலம். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அதற்கு மேலே ஓர் அடி இருக்கும்படி கொட்டகைத் தரையைத் தூக்குங்கள்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக. கோழி ஒன்றுக்கு உள்ளே இரண்டு சதுர அடி, வெளியே மேய பத்து சதுர அடிக்குக் குறையாமல். தரையில் மூன்று அங்குல உமி, வாரம் இருமுறை கிளறி விட வேண்டும். குனிந்து முகர்ந்தால் மூக்கு எரிகிறதா? கோழியின் கண்ணும் எரியும். ஈரக் கட்டியை எடுத்துவிட்டுப் புது உமி போடுங்கள். மழைக் காலத்தில் ஈரக் கூளத்தில்தான் இரத்தக் கழிச்சல் பரவும், அதிகம் மாட்டுவது மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகள். அதே மழையில் பூசணம் பிடித்த சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் "கோழிதானே" என்று போடாதீர்கள். அந்தப் பூசண விஷம் ஈரலைத் தின்றுவிடும்.

கத்திரி வெயிலுக்கு வெறும் தகரக் கூரை அடுப்பு. மேலே கீற்று வேயுங்கள். தீனி காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும். நடுப்பகலில் வெறும் தண்ணீர், மண்சட்டியில், நிழலில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சுவிட்டுத்தான் சூட்டை இறக்கும். தண்ணீர் ஒரு மணி நேரம் தீர்ந்துபோனால்கூட வெயில் அடிக்கும் மதியம் கோழி விழும்.

கோழி வலையை நம்புவது

கடையில் கிடைக்கும் அறுகோணக் கண்ணி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது. இரண்டு இழுப்பில் கிழித்துவிடும். கீழிருந்து மூன்று அடி உயரத்துக்கு அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டிங் கம்பி வலை போட்டு, அதில் ஓர் அடியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். பெருச்சாளி தோண்டி வருவது அந்த வழியாகத்தான். பகலில் கீரி, ராத்திரியில் மரநாய். மரநாய் ஓட்டுச் சந்து வழியாக இறங்கும், அதனால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் வலையால் அடையுங்கள். விஷம் வைப்பது, கண்ணி வைப்பது வேண்டவே வேண்டாம். கீரியும் மரநாயும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அந்த விஷத்தைத் தின்று பக்கத்து வீட்டு நாயும் சாகும்.

பக்கத்து நிலத்தையும் மறக்கக் கூடாது. நாற்றங்கால் விட்ட பத்து நாளும், கடலை விதைத்த பத்து நாளும் கோழியை அடைத்தே வையுங்கள். ஊரில் புதிதாகக் குடிவந்தவர் மீது வரும் முதல் சண்டை பெரும்பாலும் கிளறப்பட்ட நாற்றங்காலில்தான் தொடங்குகிறது. சனி, ஞாயிறு மட்டும் ஊருக்குப் போகிறவராக இருந்தால் இப்போதைக்குக் கோழி வேண்டாம். சென்னையில் கல்யாணம் என்று மூன்று நாள் கிளம்பினால், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டகைக் கதவைச் சாத்தப்போவது யார் என்று பெயரோடு பதில் இருக்க வேண்டும்.

மாடியில் வளர்த்த கோழிகளையே கூட்டிப்போகிறவர்கள் அவற்றை ராத்திரியில், காற்றுப் போகும் மூங்கில் கூடையில் ஏற்றுங்கள்; கார் டிக்கியில் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் திறந்துவிடாதீர்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை புதுக் கொட்டகையிலேயே அடைத்து வைத்தால்தான் "இதுதான் நம் இடம்" என்று பழகும். அவசரப்பட்டு விட்டால் இருட்டும்போது வேப்ப மரத்தில் போய் அடையும், அப்புறம் தினமும் அங்கேதான். இரண்டு வாரம் முட்டையும் நிற்கும்; நோய் என்று பயந்து மருந்து கொடுக்காதீர்கள். பத்தாம் நாள் கழித்து, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு முதல் தடவையாகத் திறந்துவிடுங்கள். தூரம் போக நேரம் இருக்காது. கையில் கொஞ்சம் கம்புத் தானியம் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டால் ஒவ்வொன்றாக உள்ளே வரும்.