தீர்ப்பு வந்தாச்சு, வீடு எப்போது பிரியும்?

செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டு வழக்கில் "தீர்ப்பு வந்தாச்சு" என்றதும் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் ஆளுக்கொரு அறையை மனதில் குறித்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். பாகப்பிரிவினை வழக்கில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது பிரிலிமினரி டிகிரி, அதாவது முதல்நிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்பதோடு அது நின்றுவிடும். எந்தப் பகுதி யாருக்கு என்பதை ஃபைனல் டிகிரி எனும் இறுதித் தீர்ப்பாணைதான் சொல்லும். அதற்காகக் கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வந்து முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு என்று அளந்து அறிக்கை கொடுப்பார்.

செட்டிநாட்டு வீட்டில் சிக்கலே இங்குதான். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல், நடுவில் ஒரே வளவு, சுற்றிலும் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை. பத்துப் பங்குக்கும் சுவர் எழுப்பினால் அது வீடாகவே இருக்காது. இப்படிப் பிரிக்க முடியாத சொத்தை, பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்டால் விற்க உத்தரவிடலாம் என்கிறது 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம். விற்கச் சொன்னவரின் பங்கை மதிப்புப் போட்டு நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று மற்ற பங்காளிகள் கேட்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. வீட்டைக் காக்க நினைப்பவர்கள் இதைக் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வீடு வெளியாள் கைக்குப் போய், தேக்குத் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாக லாரி ஏறிய பிறகு எந்த மனுவாலும் பயனில்லை.

ஃபைனல் டிகிரியை முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும். அந்தச் செலவுக்கு யோசித்துத் தள்ளிப்போடாதீர்கள். டிகிரியை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவுக்கு உள்ள 12 ஆண்டுக் கெடு டிகிரி தேதியிலிருந்தே ஓடும், முத்திரைத்தாள் கொடுத்த நாளிலிருந்து அல்ல என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்பீல் கெடு இன்னும் குறைவு: மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் தயாராக ஆகும் நாட்கள் கழிக்கப்படும் என்பதால் நகல் மனுவை உடனே போடுங்கள். ஜட்ஜ்மென்ட், டிகிரி இரண்டுக்கும் காப்பி வாங்குங்கள். காரணங்கள் இருப்பது ஜட்ஜ்மென்டில்தான். அதைப் படிக்காமல் கடைசி வரியை மட்டும் பார்த்து அப்பீல் பேசக் கூடாது.

வழக்கே வேண்டாம் என்று பெரியவர்கள் முன்னால் பேசி முடிப்பது நல்ல வழக்கம். ஆனால் "இன்று முதல் இன்னாருக்கு இன்ன பாகம்" என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பதியாமல் பெட்டகத்தில் வைத்துவிடுகிறார்கள். பங்கைப் பிரிப்பது அந்தத் தாளேதான் என்றால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாவிட்டால் பிரிவினைக்குச் சான்றாக அதைக் கோர்ட் ஏற்காது.