டயர் மாத்தப் போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

சம்பா அறுப்பு முடிஞ்சு கையில நாலு காசு வந்ததும் நம்ம பக்கத்துல நெறைய பேர் வண்டிக்கு டயர் மாத்த கிளம்பிடுவாங்க. மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம்னு எந்த டயர் கடையில போய் நின்னாலும் நான் பாத்த வரைக்கும் கேக்குற கேள்வி ரெண்டே ரெண்டுதான், எத்தனை கிலோமீட்டர் ஓடும், எவ்ளோ குறைப்பீங்க. இந்த டயர் எவ்ளோ டீசல் குடிக்கும், மழையில பிரேக் புடிச்சா நிக்குமான்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. இது ரெண்டுக்கும் நம்ம நாட்டுல இப்ப சட்டமே இருக்கு, அது தெரியாததாலதான் காசையும் விட்டு சில நேரம் ஆளையும் விட வேண்டியிருக்கு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல டயர் எப்படி டீசல் குடிக்குதுன்னு புரிஞ்சுக்கணும். வண்டி வெயிட்டுல டயரோட அடிப்பக்கம் சப்பையாகுது, சுத்தி மேல வரும்போது பழையபடி நிமிருது. அப்படி நசுங்கி நசுங்கி நிமிரும்போது ரப்பர் வாங்குன சக்தி முழுசையும் திருப்பிக் குடுக்காது, கொஞ்சத்தை சூடா மாத்திடும். வெயில் தாழ்ந்தப்புறம் நீடாமங்கலத்துலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் ஓட்டிட்டு இறங்கி டயர் மேல கைய வச்சுப் பாருங்க, நல்லா சுடும். அந்த சூடு நீங்க பங்க்ல காசு குடுத்து போட்ட டீசல்தான். இதைத்தான் ரோலிங் ரெசிஸ்டன்ஸ்னு சொல்றாங்க, நாம உருளும் தடைன்னு வச்சுக்குவோம். ஒரு வண்டி குடிக்கிற எரிபொருள்ல 20லேர்ந்து 30 சதவீதம் டயராலதான் போகுதுன்னு ஐரோப்பிய யூனியன் 2009ல கொண்டுவந்த டயர் லேபிள் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க.

இப்ப பெரிய தப்புக்கு வர்றேன். "கம்பெனியில வந்த அதே டயர்தாங்க, அதே பேரு அதே சைஸ்" அப்படின்னு நம்பி மாத்துறது. புது கார்ல வர்ற டயர கார் கம்பெனி தேர்ந்தெடுக்குது. அவங்களுக்கு 2017லேர்ந்து கஃபேன்னு ஒரு எரிபொருள் விதி இருக்கு, அவங்க விக்கிற கார் எல்லாம் சேந்து சராசரியா இவ்ளோதான் குடிக்கலாம்னு. அதனால டயர் கம்பெனிக்கிட்ட உருளும் தடை கம்மியா இருக்குற மாதிரி கேட்டு வாங்குவாங்க. நாம கடையில போய் வாங்குற மாத்து டயருக்கு அந்த மாதிரி நெருக்குறதுக்கு யாரும் இல்ல, வெளிய அதே பேரு இருந்தாலும் உள்ள இருக்குற ரப்பர் கலவை வேறயா இருக்கலாம். இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்ல, அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் 2003லயே இதுக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டுச்சு, மாத்து டயரெல்லாம் சராசரியா புது வண்டியில வர்ற டயர் அளவுக்காவது எரிபொருள் மிச்சம் புடிக்கணும்னு. அப்ப யோசிச்சுக்குங்க, அவங்க ஊர்லயே இந்த வித்தியாசம் சட்டம் போடுற அளவுக்கு இருந்திருக்கு.

இங்க நடந்தது என்னன்னா, 2022 ஜூன் கடைசியில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 1989ஆம் வருஷ மோட்டார் வாகன விதிகள்ல 95ஆவது விதிய திருத்துச்சு. டயர் ஏஐஎஸ்-142 அப்படிங்கிற தரத்துக்கு வரணும்னு. அதுல மூணு விஷயம் இருக்கு, உருளும் தடை, ஈர ரோட்டுல பிடிப்பு, ஓடும்போது வர்ற சத்தம். புதுசா டிசைன் பண்ற டயருக்கு 2022 அக்டோபர் 1லேர்ந்து, ஏற்கனவே விக்கிற டிசைனுக்கு 2023 ஏப்ரல் 1லேர்ந்து ஆரம்பிச்சாங்க. கார் டயர் சி1, டாட்டா ஏஸ் மாதிரி சின்ன லோடு வண்டி டயர் சி2, பஸ் லாரி டயர் சி3ன்னு பிரிச்சிருக்காங்க. இந்த தரத்த ஐநா விதிகளுக்கு சமமாத்தான் வச்சிருக்காங்க, அதுல வரம்ப கட்டம் கட்டமா இறுக்குறாங்க, ரெண்டாம் கட்டத்துல கார் டயரோட உருளும் தடைக்கு உச்ச வரம்பு 10.5. அதாவது டயர் மேல 1000 கிலோ வெயிட் இருந்தா அதை உருட்டுறதுக்கு 10.5 கிலோவுக்கு மேல தள்ளு தேவைப்படக்கூடாது. லாரி டயருக்கு 6.5.

இங்க ஒரு விஷயத்த நல்லா கவனிங்க, இது அதிகபட்ச வரம்புதான். பாஸ் மார்க் மாதிரி. 35 எடுத்தவனும் பாஸ்தான் 95 எடுத்தவனும் பாஸ்தான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லல்ல. "கவர்மென்ட் அப்ரூவ்ட் டயருங்க" அப்படின்னு கடைக்காரர் சொன்னா அது பாஸ் ஆயிருக்குன்னுதான் அர்த்தம், மைலேஜ் நல்லா குடுக்கும்னு அர்த்தம் இல்ல. அந்த வித்தியாசம் தெரியணும்னா ஸ்டார் பாக்கணும். ஃபேன், ஃபிரிட்ஜ்ல ஸ்டார் ஒட்டுற அதே பிஇஇ, அதாவது எரிசக்தி திறன் செயலகம், டயருக்கும் ஸ்டார் லேபிள் கொண்டுவந்திருக்கு. ஆனா கம்பெனிக்காரங்க விருப்பப்பட்டா சேரலாம்னுதான் ஆரம்பிச்சாங்க, அதனால ஸ்டார் இல்லாத டயரெல்லாம் மோசம்னு முடிவு கட்டாதீங்க, ஸ்டார் இருந்தா அதை ஒப்பிட்டு வாங்குங்க அவ்ளோதான்.

ஐஎஸ்ஐ முத்திரைய பாத்து இது மைலேஜ் முத்திரைன்னு நெனைக்கிறதும் நெறைய நடக்குது. ஐஎஸ்ஐ கட்டாயம்தான், அது இல்லாத டயர தொடவே தொடாதீங்க, ஆனா அது டயரோட உறுதி, அளவு, லோடு தாங்குறது பத்தின தரம். பிடிப்பும் உருளும் தடையும் வேற கணக்கு. டயரோட பக்கவாட்டுல வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஈ (E) எழுத்தும் ஒரு நம்பரும் இருந்தா அதுக்குப் பக்கத்துலயே எஸ்2 டபிள்யூ ஆர்2 (S2WR2) அப்படின்னு சின்னதா பதிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. எஸ் சத்தம், டபிள்யூ ஈரப்பிடிப்பு, ஆர் உருளும் தடை, 2ன்னா ரெண்டாம் கட்ட வரம்பு. இதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்தது இந்த விதி எல்லா டயருக்கும் பொருந்தும்னு நெனைக்கிறது. பைக் டயர், டிராக்டர் டயர் இதுல வராது. இது புது டயருக்கான விதி, அதனால மேல பட்டன், அதாவது ரோட்ட தொடுற ரப்பர் மட்டும் புதுசா ஒட்டி வர்ற ரீட்ரேட் டயருக்கும் இதைச் சொல்ல முடியாது. நெல் மூட்டை ஏத்துற லாரிக்காரங்க ரீட்ரேட் போடுறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், நல்ல கேசிங்கா, அதாவது பழைய டயரோட உடம்பு நல்லா இருந்து நல்ல எடத்துல பண்ணா அதுல நெறைய மிச்சம் ஆகும், ஆனா கவர்மென்ட் சோதிச்ச பிடிப்பு அதுலயும் இருக்கும்னு நெனச்சு ஓட்டாதீங்க.

செகண்ட் ஹேண்ட் டயர் பத்தி சொல்லியே ஆகணும். எங்க சித்தப்பா ஒரு ஐப்பசியில கார் பின்னாடி ரெண்டுக்கும் பழைய டயர் வாங்கிப் போட்டாரு, பட்டன் எல்லாம் ஆழமா இருந்துச்சு, பளபளன்னு பாலிஷ் போட்டு வச்சிருந்தாங்க, ரெண்டும் சேத்து ஒரு புது டயர் வெலை கூட இல்ல. வலங்கைமான் ரோட்டுல வந்துக்கிட்டு இருக்கோம், குறுவை நெல்லு ஈரமா வந்து ரோட்டோரம் கொட்டி தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தாங்க, அறுப்பு மிஷின் ஏறி எறங்குன எடத்துல சேறும் வைக்கோலும் கெடக்கு, மேல தூறல். திருப்பத்துல லேசாத்தான் பிரேக் வச்சாரு, பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கிட்டு வாய்க்கால் மதகு வரைக்கும் போய் நின்னுச்சு. பின் சீட்டுல பாட்டி, மடியில தங்கச்சி பொண்ணு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. மறுநாள் டயர்ல இருந்த நம்பர பாத்தேன், கடைசி நாலு எழுத்து 3114. 2014ஆம் வருஷம் 31ஆவது வாரம் செஞ்ச டயர். ரப்பர் வெயிலயும் காத்தையும் தின்னு தின்னு இறுகிப் போயிருந்துச்சு, நகத்தால அழுத்துனா அமுங்கவே இல்ல. பட்டன் இருந்து என்ன பண்றது. அந்த நாலு எழுத்த பாக்காம எந்த டயரையும் வாங்காதீங்க, புதுசுன்னு குடுத்தாலும் பாருங்க, 2023க்கு முந்தின தேதியா இருந்தா புது விதி அதுக்கு வந்திருக்கணும்னு அவசியம் இல்ல.

இதையே திருப்பிப் போட்ட மாதிரி இன்னொரு தப்பு, மைலேஜ் மட்டும் பாக்குறது. உருளும் தடைய குறைக்கணும்னா ரப்பர் சூடாகுறத குறைக்கணும், ஆனா ஈர ரோட்டுல பிடிப்பு குடுக்குறதுக்கு ரப்பர் அந்த சக்திய உள்ள வாங்கித்தான் ஆகணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இழுக்கும். மலிவா செஞ்சா ஒண்ண குடுத்துதான் இன்னொண்ண வாங்க முடியும். சிலிகா கலந்த நல்ல கலவையில ரெண்டையும் ஓரளவு சேத்து கொண்டுவர முடியுது, அதுக்குத்தான் கூடுதல் வெலை. சட்டத்துல பிடிப்பையும் தடையையும் ஒண்ணா வச்சதுக்கு காரணமே இதுதான். ஐப்பசி கார்த்திகைன்னா விடாம மழை அடிக்கிற ஊர்ல இருக்கோம், என்கிட்ட கேட்டா நான் மொதல்ல பிடிப்பதான் பாப்பேன்.

அப்புறம் "புது டயர் போட்டதும் மைலேஜ் கொறஞ்சு போச்சு, ஏமாத்திட்டாங்க" அப்படிங்கிற புலம்பல். கொறஞ்ச மாதிரி தெரியுறது உண்மைதான், ஆனா அதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. தேஞ்ச டயர்ல ரப்பர் கம்மி, அதனால நசுங்கி சூடாகுறதும் கம்மி. இன்னொண்ணு மீட்டர் கணக்கு. பட்டன் 5 மில்லிமீட்டர் தேஞ்சா டயரோட குறுக்களவு 10 மில்லிமீட்டர் குறையுது, 600 மில்லிமீட்டர் டயர்ல அது ஒன்றரை சதவீதத்துக்கு மேல. சின்ன டயர் அதே தூரத்துக்கு கூடுதலா சுத்தும், மீட்டர் சுத்துறததான் எண்ணும், அதனால ஓடாத கிலோமீட்டரையும் ஓடுனதா காட்டும். மொட்டை டயர்ல வந்த மைலேஜோட புது டயர ஒப்பிட்டு அது மோசம்னு சொல்றது அந்த டயருக்கு பண்ற அநியாயம். ஒரு ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு டேங்க் ஃபுல் பண்ணி ஃபுல் பண்ணி கணக்கு பாருங்க.

காசு கணக்கு கேப்பீங்க. உருளும் தடை 10 சதவீதம் குறைஞ்சா கார் எரிபொருள்ல 1லேர்ந்து 2 சதவீதம் மிச்சமாகும். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 16ன்னா 750 லிட்டர் ஆகுது, அதுல 2 சதவீதம் 15 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வச்சா 1,500 ரூபாய். டயர் நாலு வருஷம் ஓடுனா 6,000. கடையில நின்னு டயருக்கு 200 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுறோமே, அதை விட இது பெருசு. டெய்லி லோடு அடிக்கிற வண்டின்னா கணக்கு இன்னும் எங்கயோ போயிடும்.

அந்த மிச்சத்த எல்லாம் காத்துல விட்டுடாதீங்க, நெஜமாவே காத்துலதான் போகுது. நாலு டயர்லயும் ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் 0.2 சதவீதம் குறையும்னு அமெரிக்க அரசாங்கமே மக்களுக்கு சொல்லுது, பத்து பிஎஸ்ஐ கம்மியா ஓட்டுனா அஞ்சு ஸ்டார் டயர் வாங்கியும் புண்ணியம் இல்ல. டயர் பக்கவாட்டுல போட்டிருக்குற பிஎஸ்ஐ அது தாங்குற உச்சம், அதை வைக்கக்கூடாது, டிரைவர் கதவ தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல லோடு இல்லாம எவ்ளோ லோடோட எவ்ளோன்னு தனித்தனியா இருக்கும், அதுதான் சரி. ஓட்டி சூடான டயர்ல அளந்தா கூடுதலா காட்டும், அதைப் பாத்து காத்த எறக்கிடுவாங்க, அது தப்பு. காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாக்கணும். எங்க தெருவுல லோடு வண்டி வச்சிருக்குற அண்ணன் ஒருத்தர் சின்ன கேஜ் ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுலயே வச்சிருக்காரு, கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏத்துறதுக்கு முன்னாடி நாலு டயரும் ஸ்டெப்னியும் சேத்து அஞ்சையும் பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பாரு.